கிடாவுக்கு இரண்டு தண்டனை

எங்கள் வீட்டுக் கிடா என்னை முட்டியது மொத்தம் பத்தொன்பது தடவை. இது உத்தேசக் கணக்கு இல்லை. ஒவ்வொரு தடவையும் நேரம், இடம், உடம்பில் எங்கே பட்டது, எத்தனை எட்டு பின்னால் போய் ஓடிவந்தது என்பது வரை டைரியில் இருக்கிறது. மற்ற விஷயங்களுக்கு நீல மை, கிடாவுக்குச் சிவப்பு. எனக்கு ஐம்பத்து மூன்று வயது. பள்ளிக்கூடத்தில் தொடங்கிய டைரியை ஒரு நாள்கூட விட்டதில்லை. நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த அன்றும் நர்ஸிடம் பேனா வாங்கி இரண்டு வரி எழுதினேன்.

நான் அப்படி ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் என் மனைவி எங்கள் சந்து அம்மன் கோயிலில் போய் நின்று வேண்டிக்கொண்டாள். நான் எழுந்து நடந்தால், அடுத்து எங்கள் பட்டியில் பிறக்கும் முதல் கிடாக்குட்டி அம்மனுக்கு. மூன்றாம் நாள் நான் எழுந்து நடந்தேன். நாலு மாதம் கழித்துக் குட்டி பிறந்தது. கறுப்பு உடம்பு, வெள்ளைக் காது.

பட்டி என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஆண்டாப் ஹில்லில் எங்கள் சந்து ஓர் இடிந்த சுவரில் முடிகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் உப்பளம் வரை வெட்டவெளி. சுவரை ஒட்டி நாலு தகரமும் பழைய கடைப் பலகைகளும் வைத்துக் கட்டிய கொட்டகையில் நாலு பெட்டைச் செம்மறிகளும் இந்தக் கிடாவும். ஆடுகள் என் மனைவியுடையவை. காலையில் மேய்த்துவிட்டு, மாட்டுங்கா மார்க்கெட்டுக்குப் பஸ்ஸில் போய், கழித்த கோஸ் இலையும் வாடிய சாமந்தியும் சாக்கில் அள்ளி வருவாள். எனக்கு தாராவியில் ஒரு தோல் பை பட்டறையில் ஸ்டோர் கீப்பர் வேலை. எந்த டிராயரில் எத்தனை பக்கிள், எத்தனை ஜிப் என்று என்னைக் கேட்டால் போதும், திறந்து பார்க்க வேண்டியதில்லை.

சாமிக்கு நேர்ந்துவிட்ட கிடாவை விற்கக் கூடாது, அடிக்கக் கூடாது, திட்டவும் கூடாது. கழுத்தில் மஞ்சள் கயிறு. சந்தில் எல்லா வீட்டிலும் அதற்கு ஏதாவது கிடைக்கும். செவ்வாயும் வெள்ளியும் காலையில் நெற்றியில் குங்குமம் வைக்க வேண்டும். யார் உயிருக்காக நேர்ந்ததோ அவர் கையால்தான் வைக்க வேண்டும் என்பது எங்கள் ஆட்கள் வழக்கம். ஆகவே நான்தான் வைத்தேன். ஆட்டின் நெற்றி முடி முரடு, பொட்டு நிற்காது. குங்குமத்தைத் தண்ணீரில் குழைத்து, கட்டைவிரலால் அழுத்தி, பத்து வரை எண்ணிவிட்டுக் கையை எடுப்பேன். குட்டியாக இருந்தபோதே அது என் விரலை எதிர்த்துத் தலையால் தள்ளும். நானும் விடாமல் அழுத்துவேன்.

"பாத்தியளா, ஒங்க மேல அதுக்கு எம்புட்டுப் பிரியம்" என்பாள் மனைவி.

முதல் கொடைத் திருவிழாவுக்கு அது மூன்று மாதக் குட்டி. இரண்டாம் கொடைக்குப் பூசாரி வந்து வாயைத் திறந்து பார்த்தார். அவர் வார நாட்களில் டெய்லர். எதையும் கையால் பிடித்துப் பார்த்துத்தான் பேசுவார். "ரெண்டு பல்லு போடல. அடுத்த வருசம் பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு வருடத்தில்தான் கொம்பு ஒரு சுற்றுச் சுருண்டது, கழுத்து தடித்தது, முட்ட ஆரம்பித்தது.

முதல் இரண்டு தடவையும் தொடையில் லேசாகப் பட்டது. விளையாட்டு என்று விட்டுவிட்டேன். மூன்றாவதை அப்படி விட முடியாது. வெள்ளிக்கிழமை காலை ஆறு நாற்பது. பொட்டு வைத்து முடித்து, இஸ்திரி போட்ட சட்டையுடன் வேலைக்குக் கிளம்பிவிட்டேன். தண்ணீர்க் குழாயருகே பதினோரு பெண்கள் குடத்துடன் நின்றார்கள். செருப்பின் வாரை மாட்டக் குனிந்தேன். பின்னால் குளம்புச் சத்தம் கேட்டது. நிமிர்வதற்குள் இடுப்புக்குக் கீழே விழுந்தது அடி. டிபன் டப்பாவும் நானும் சாக்கடைக்குள் கிடந்தோம்.

எதிர்வீட்டுக்காரி, எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரிதான், இடுப்பிலிருந்த குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அண்ணாச்சி, குளிச்சாச்சுன்னுல்லா நெனச்சேன். மறுபடியுமா?"

"க்யா ஷாட் மாரா!" என்றாள் அடுத்து நின்ற மராட்டிக்காரி, என்ன ஒரு அடி என்று. குழாயடி முழுக்கச் சிரித்தது. தண்ணீர் நிரம்பி வழிவதைக்கூட யாரும் கவனிக்கவில்லை.

என் மனைவி கொட்டகையிலிருந்து ஓடி வந்தாள். என்னைத் தாண்டிப் போய் கிடாவின் தலையைப் பிடித்துத் திருப்பினாள். "கொம்புல எங்கயும் பட்டுட்டா? ஏங்க, டப்பாவைப் பாத்துப் பிடிக்கக் கூடாதா? கூர் பட்டிருந்தா என்ன ஆவுறது?"

அன்றைய பக்கத்தில் கடைசி வரி: இதற்குப் பதில் உண்டு.

நான் கோபக்காரன் இல்லை என்று பட்டறையில் எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான், நான் கத்துவதில்லை. ஆனால் ஒன்றை மறப்பதும் இல்லை. அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு, பஸ்ஸில் உட்கார்ந்தால் கிடாவைப் பற்றித்தான் யோசனை. கொடைக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று தினமும் பக்கத்தின் மூலையில் எழுத ஆரம்பித்தேன். மற்றவர்களுக்கு அது சாமி காரியம். எனக்கு அது தூக்குத் தேதி. சமைக்கும்போது தலைக்கறியை எனக்கு ஒதுக்கச் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன்.

அதுவரை தப்பித்தாக வேண்டுமே. ஒரு மூங்கில் கம்பு வாங்கி வந்தேன். மனைவி அதை வாங்கி அடுப்புக்கு மேலே பரணில் போட்டாள். "சாமி ஆட்டு மேல கம்பு பட்டுச்சுன்னா, வேண்டிக்கிட்டது வேண்டாம்னு சொல்லுத மாதிரி. ஒங்களுக்கு உசுரு முக்கியமா, சட்டை முக்கியமா?"

பட்டறைக்கு எதிரே மட்டன் கடை வைத்திருக்கும் பாய் தென்காசிப் பக்கம். இருபது வருடப் பழக்கம். மத்தியானம் அவர் கடை ஓரத்தில் டீ குடிக்கும்போது கேட்டேன்.

"கிடாக்கு முதுகு காட்டாதிய அண்ணாச்சி" என்றார். "பக்கத்துல போவும்போது கையில ஒரு வாளியோ பலகையோ வச்சுக்கோங்க. பின்னால நகந்துச்சுன்னா ஓடாதிய, ஒதுங்கி நில்லுங்க. நேரா வர்றதுக்குத்தான் அதுக்குத் தெரியும், வளையத் தெரியாது. பெட்டையளோட விடாம நடுவுல ஒரு தடுப்பு அடிச்சிருங்க."

"சரி."

"தலையில கிலையில கை வைக்கியளா? நெத்தியச் சொறிஞ்சு குடுக்கது, தள்ளி வெளையாடுறது?"

"சே, அந்தப் பழக்கமே கிடையாது."

"அப்ப நல்லது. அது ஒண்ணுதான் கிடாவக் கெடுக்கும்."

நான் பொய் சொல்லவில்லை. குங்குமம் வைப்பதைக் கை வைப்பதாக நான் நினைக்கவே இல்லை. அது பூஜை.

வாளி கொஞ்சம் உதவியது. இரண்டு மாதத்தில் வாளி மூன்று இடத்தில் நெளிந்தது. பலகைத் தடுப்பை எட்டாம் நாள் உடைத்தது. அப்போதுதான் எனக்குப் பட்டறையில் கிடக்கும் தோல் துண்டுகள் கண்ணில் பட்டன. கிடாவுக்கு எதிரில் இருப்பது தெரியாவிட்டால் எதை முட்டும்? கண் மேட்டிலிருந்து மூக்கு நுனி வரை அளந்தேன், ஒன்பது அங்குலம். கெட்டித் தோலில் முன்பக்கம் ஒரு மறைப்பு, பக்கவாட்டில் இரண்டு வார், கழுத்துக்குப் பின்னால் ஒரு பக்கிள். கீழே பார்த்து மேயலாம், பக்கத்தில் பார்க்கலாம், நேரே பார்க்க முடியாது. தையல் மெஷினில் நானே தைத்தேன். கைப்பிடிக்குப் போடும் இரட்டைத் தையல்.

நாலு நாள் கிடா கோயில் மாடு மாதிரி நடந்தது. சுவரில் இரண்டு தரம் போய் இடித்துக்கொண்டது. அந்த இரண்டையும் நான் நின்று ரசித்துப் பார்த்தேன் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

ஐந்தாம் நாள் வேலை முடிந்து வந்தபோது தோல் மறைப்பு வாசல்படியில் கிடந்தது.

"எருமைத் தோலை அம்மன் கிடா மூஞ்சியில கட்டியிருக்கியளே, எதிர்வீட்டுக்காரி கேக்கா. நான் என்ன பதில் சொல்ல?"

"அது பாட்டுக்குச் சும்மா இருந்துச்சுல்லா?"

"கண்ணக் கட்டுனா யாரும் சும்மாதான் இருப்பாவ. ஒங்களக் கட்டிப் பாக்கட்டுமா?"

மறைப்பைக் கழற்றியது ஒரு புதன்கிழமை. சனிக்கிழமை காலை ஏழேகாலுக்கு, சினையாக இருந்த வெள்ளைப் பெட்டையைக் கிடா தீவனத்தொட்டிப் பக்கம் வரவிடாமல் விலாவில் முட்டியது. ஆடு கத்தியது. மனைவி நடுவில் போய் நின்றாள். கிடா பின்னால் நகர்ந்ததை அவள் பார்த்தாள். ஆனாலும் அது தன்னை முட்டாது என்று நினைத்தாள். கையை நீட்டி "ஏ, ஏ, நாந்தாம்ல" என்றாளாம். வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது.

எலும்பு டாக்டரிடம் படியேறும்போதும் அவள் சொன்னது ஒன்றுதான். "அது என்னைய நெனச்சு முட்டல. ஆட்டைத்தான் முட்டிச்சு. நான் குறுக்க போயிட்டேன்."

ஆறு வாரம் மாவுக்கட்டு. வீட்டு வேலை செய்ய முடியாது என்று அவளுடைய தங்கை வந்து பாண்டுப்பில் உள்ள தன் வீட்டுக்குக் கூட்டிப் போனாள். ஆடுகளை நான் பார்த்துக்கொள்ள வேண்டும். பட்டறைக்குப் பத்து மணிக்கு வருவதாகச் சொல்லி அனுமதி வாங்கினேன்.

இப்போது எழுதும்போது நேர்மையாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மனைவியின் கை முறிந்ததும் எனக்கு வந்தது துக்கம் மட்டும் இல்லை. ஒரு வசதியும் வந்தது. அதுவரை என் கோபத்துக்குக் காரணம் சாக்கடையும் குழாயடிச் சிரிப்பும். வெளியே சொன்னால் வெட்கம். இப்போது காரணம் மனைவியின் கை. யாரிடமும் சொல்லலாம்.

கொடைக்கு அப்போது எட்டு வாரம் இருந்தது. கழுத்தை வெட்டுவது நொடிக் காரியம். ஏழு மாதமாக நான் பட்டதற்கு அது போதாது என்று தோன்றியது. டைரியின் இடது பக்கத்தில் எழுதினேன்: தண்டனை இரண்டு. முதலாவது, அதைக் கிடாவாக நடக்க வைப்பது எதுவோ அதை எடுப்பது. இரண்டாவது, கொடையன்று தலை. இரண்டுக்கும் நடுவில் அது உயிரோடு இருந்து, பெட்டைகள் பக்கத்தில் போகும்போது எதற்காகப் போனோம் என்று தெரியாமல் நிற்க வேண்டும். நான் அதைப் பார்க்க வேண்டும்.

அதாவது காயடிப்பது. ஒரே ஒரு சந்தேகம்தான். காயடித்த கிடாவைச் சாமிக்குக் கொடுக்கலாமா? பூசாரியைக் கேட்டால் பாண்டுப்புக்கு அன்று மாலையே செய்தி போய்விடும். ஆகவே பாயைக் கேட்டேன். அதுவும் சுற்றி வளைத்து.

"பாய், காயடிச்ச கிடா பக்ரீத்துக்கு ஆகுமா?"

"தாராளமா ஆகும் அண்ணாச்சி. ஒரு கொறையும் கெடையாது. கறிகூட வாடையில்லாம நல்லாருக்கும். என்ன, ஆடு வாங்கப் போறியளா?"

"சும்மா கேட்டேன்."

இவ்வளவு கண்டிப்பாக ஆடு பார்த்து வாங்குகிறவர்களே குறை இல்லை என்கிறார்கள். கண், காது, கால், கொம்பு என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறவர்கள். அவர்களுக்கு ஆகும் என்றால் அம்மனுக்கும் ஆகும். நான் இப்படித்தான் முடிவுக்கு வந்தேன். பூசாரி போன வருடம் பல்லைத்தான் பார்த்தார் என்பதும் எனக்குத் தைரியம் கொடுத்தது.

கால்நடை ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு மராட்டிக்காரரை விசாரித்துப் பிடித்தேன். நான் லீவு போட்டிருந்த புதன்கிழமை பதினொன்று இருபதுக்கு வந்தார். பையிலிருந்து ஒரு பெரிய இரும்பு இடுக்கியை எடுத்தார். தோலுக்கு மேலேயே வைத்து உள்ளே இருக்கும் நரம்பை மட்டும் நசுக்குகிற கருவி.

"கூன்?" என்று கேட்டேன், ரத்தம் வருமா என்று.

"ஏக் பூந்த் பீ நஹீ" என்றார். ஒரு சொட்டுக்கூட வராது. எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. வெட்டு இல்லை, காயம் இல்லை, தோல் முழுசாக இருக்கும். குறை என்று யாரும் சொல்ல முடியாது.

மரத்துப்போக ஊசி போட்டுக் காத்திருந்தார். தலையை நான் பிடித்துக்கொண்டேன். கயிற்றைச் சுவர் வளையத்தில் கட்டி, கொம்பு இரண்டையும் கையில் பிடித்து, அதன் கண்ணைப் பார்த்தபடி நின்றேன். ஆட்டுக் கண்ணில் மணி படுக்கைவாட்டில் கோடு மாதிரி இருக்கும், அது எங்கே பார்க்கிறது என்று தெரியாது. என்னைப் பார்க்க வேண்டும் என்று விரும்பினேன். இடது பக்கம் ஒரு நிமிடம், வலது பக்கம் ஒரு நிமிடம். முதல் தடவை இடுக்கி மூடியபோது, ஊசி போட்டிருந்தும், மூச்சு விட்டு ஒரு முனகல். என் கையில் அதன் கொம்பு நடுங்கியது. எண்ணினேன்: சாக்கடைக்கு ஒன்று, வாளிக்கு ஒன்று, தடுப்புக்கு ஒன்று, மணிக்கட்டுக்கு இரண்டு.

"இத்னா குஸ்ஸா க்யூ?" என்று கேட்டார் கம்பவுண்டர், கையைக் கழுவிக்கொண்டே. இவ்வளவு கோபம் எதற்கு என்று. என் முகத்தைப் பார்த்திருக்கிறார்.

இரண்டு நாள் கிடா காலை அகட்டி நடந்தது. வெள்ளிக்கிழமை குங்குமம் வைக்கப் போனேன். தலையால் தள்ளவில்லை. அன்று மத்தியானச் சாப்பாடு நன்றாக இறங்கியது.

மூன்றாம் வாரம், மனைவியிடம் காட்டுவதற்காக, கிடாவின் குற்றங்களை டைரியிலிருந்து ஒரே தாளில் தேதிவாரியாக எடுத்து எழுதினேன். பிற்பாடு விஷயம் வெளியே வந்தால் என் பக்கம் நியாயம் இருக்க வேண்டும். பக்கத்தில் கிழமையையும் எழுதினேன். எதையும் அரைகுறையாக எழுதுவது எனக்குப் பிடிக்காது. செவ்வாய். வெள்ளி. வெள்ளி. செவ்வாய். ஞாயிறு. வெள்ளி. பத்தொன்பதில் பதினான்கு செவ்வாயோ வெள்ளியோ. அந்தப் பதினான்கில் பன்னிரண்டு காலை ஏழு மணிக்குள், அதாவது நான் கட்டைவிரலை எடுத்த கால்மணி நேரத்துக்குள்.

தாளைக் கீழே வைத்துவிட்டுக் கட்டைவிரலைப் பார்த்தேன். நகக்கண்ணில் குங்குமம் இருந்தது. குட்டியாக இருந்த நாளிலிருந்து வாரம் இரண்டு தடவை, பத்து எண்ணும் வரை, தலையைத் தள்ளக் கற்றுக்கொடுத்தவன் நான்தான். பாய் நேராகவே கேட்டார். இல்லை என்று சொல்லியிருந்தேன்.

இது தெரிந்ததும் மனம் இளகியது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. கோபம் கூடியது. என் தவறை இத்தனை நாள் என் முதுகில் எழுதிக் காட்டியிருக்கிறது, அதுவும் சந்து முழுக்கப் பார்க்க. தாளைக் கிழித்துப் போட்டேன். கொடைக்கு இருபத்தெட்டு நாள் என்று மூலையில் எழுதினேன்.

மாவுக்கட்டுப் பிரித்து மனைவி வந்தாள். கிடா அவள் கையை முகர்ந்துவிட்டு நகர்ந்து போய்ப் படுத்துக்கொண்டது. வெள்ளைப் பெட்டை பக்கத்திலேயே நின்று தீவனம் தின்றது. மனைவிக்குக் கண் கலங்கியது.

"பாத்தியளா? அம்மா அடக்கிட்டா. நான் அங்க இருந்துக்கிட்டே வேண்டுனேன்."

எதிர்வீட்டுக்காரியும் வந்து பார்த்தாள். "அண்ணாச்சி தனியா என்ன மந்திரம் போட்டாவளோ தெரியல மதினி. முன்னெல்லாம் அண்ணாச்சியப் பாத்தா அது ஓடி வரும். இப்ப அதப் பாத்தா அண்ணாச்சி சிரிக்காவ."

கொடைக்குப் பத்து நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்குப் பூசாரி வந்தார். வாயைத் திறந்தார். இரண்டு பல். நல்லது என்றார். கொம்பைத் தட்டினார், காலை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார், காதை மடக்கினார். நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். அப்புறம் குனிந்து, பின்னங்கால்களுக்கு நடுவில் கையை விட்டார். துணியின் தரம் பார்ப்பவர் மாதிரி விரலால் உருட்டினார். மறுபடியும் உருட்டினார்.

"என்ன வே இது? வெறும் பையால்லா இருக்கு?"

கையை எடுக்காமலே நிமிர்ந்தார்.

"கேக்கேம்லா. காய எங்கன?"

மனைவி என்னைப் பார்த்தாள். முப்பது வருடம் கூட வாழ்ந்தவள். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, கேள்வி கேட்கவில்லை. நானே சொன்னேன். ரத்தம் வரவில்லை என்றேன், தோலில் கீறல்கூட இல்லை என்றேன். பக்ரீத்துக்கு ஆகும் என்று பாய் சொன்னதையும் சொன்னேன்.

"அது அவுங்க முறை. அவுங்க சாமிகிட்ட அவுங்க பேசிக்கிடுவாவ" என்றார் பூசாரி. "நம்ம அம்மாளுக்குக் கிடான்னு சொன்னா கிடாவா இருக்கணும். இத எப்படி நான் கொண்டு நிறுத்துவேன்?"

"விடுங்க, வேற ஆடு வாங்கிரலாம்" என்றேன்.

"வாங்கத்தான் வேணும். கொறை இல்லாத ஒண்ணு. ஆனா இது?" கிடாவின் கழுத்துக் கயிற்றைக் காட்டினார். "இது அவா பேருக்கு விட்டாச்சு. விக்கக் கூடாது, கறி போடக் கூடாது, யாருக்கும் குடுக்கவும் கூடாது. அதுவா விழுத வரைக்கும் வச்சுப் பாக்கணும். யார் உசுருக்கு நேந்ததோ அவருதான் பாக்கணும்."

அவர் போன பிறகு மனைவி கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. கொட்டகை வாசலில் உட்கார்ந்து, முறிந்து ஒட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள். "ஒங்க உசுருக்குப் பேசுன ஆடு. அதுல போய் கை வச்சிருக்கியளே. எனக்குப் பதில் சொல்ல வேண்டாம். அவாளுக்கு என்ன சொல்லப் போறிய?"

மறுநாள் என்னை வேலைக்கு விடவில்லை. மாத்திரை டப்பாவை எடுத்து எண்ணிப் பார்த்தாள். என் எதிரில் உட்கார்ந்து என் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கும் இடது பக்கம் இறுக்கமாகத் தோன்றியது. நாடி பார்த்தேன், தொண்ணூற்றாறு. சாமி விஷயத்தில் நான் அவள் அளவுக்கு இல்லை. ஆனால் ஒருத்தி அப்படிப் பார்த்துக்கொண்டே இருந்தால் யாருக்கும் பயம் வரும். கொடை வரைக்கும் பத்து நாளும் அவள் சரியாகத் தூங்கவில்லை. நான் மாடிப்படி ஏறினால் பின்னாலேயே வந்தாள்.

பாயிடம் போய்ச் சண்டை பிடித்தேன். "குறை இல்லன்னீரே!"

"பக்ரீத்துக்குன்னுதான கேட்டிய? பக்ரீத்துக்குத்தான் சொன்னேன்" என்றார். "அம்மன் கோயிலுக்குன்னு கேட்டிருந்தா, பூசாரியக் கேளுங்கன்னு சொல்லியிருப்பேன். எனக்கு என்ன தெரியும்?" பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, அவரே நல்ல கிடா ஒன்று பிடித்துத் தருவதாகச் சொன்னார்.

பழுப்புக் கிடா. கொடையன்று மத்தியானப் பூஜைக்கு, முறை வரும்வரை கயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். அது என் சட்டைப் பையை முகர்ந்தது. என் காலோடு ஒட்டி நின்றது. கூட்டத்தையும் மேளத்தையும் பார்த்து மிரண்டு, பழக்கம் இல்லாத என்னிடமே ஒண்டிக்கொண்டது. கிடா உடம்பைக் குலுக்கினால் அம்மன் ஏற்றுக்கொண்டாள் என்று பொருள். சில கிடாக்களுக்கு நாலைந்து குடம் ஊற்ற வேண்டியிருக்கும். பூசாரி மஞ்சள் தண்ணீரை ஒரு கை தெளித்தார். முதல் தெளிப்பிலேயே பழுப்புக் கிடா குலுக்கியது. மனைவி என் பக்கத்தில் நின்று "தாயே" என்று அழுதாள். பத்து நாளில் அவள் முதல் முறையாக மூச்சை முழுசாக விட்டது எனக்குக் கேட்டது.

பந்தியில் மனைவியே என் இலையில் ஈரல் துண்டு வைத்தாள். நான் அதை வாயில் போட்டு மென்றேன். மாதக்கணக்காக நாள் எண்ணியது இந்த ஒரு வாய்க்குத்தான். ஆனால் என் வாயில் இருந்தது எனக்கு ஒன்றும் செய்யாத ஆடு. என் வீடு எங்கே என்றுகூட அதற்குத் தெரியாது. என்னை முட்டிய கிடா, கொட்டகையில் சாமந்தி தின்றுகொண்டிருந்தது.

"என்ன, கறி வேகலியா?" என்றாள் மனைவி.

"உப்பு கொஞ்சம் கம்மி" என்றேன்.

மறுநாளிலிருந்து கிடாவை நான்தான் மேய்க்கிறேன். மனைவி பெட்டைகளை ஓட்டிப் போவாள், இதை என் கையில் விட்டுவிடுவாள். காலை ஆறிலிருந்து ஏழு வரை உப்பளத்து ஓரமாக நடை. கொழுத்துவிட்டது. முட்டுவதில்லை. வழியில் எதிர்வீட்டுக்காரி பார்த்தால், "அண்ணாச்சிக்குப் புது சோடி" என்பாள். அதன் தீவனம், தண்ணீர், குடல்பூச்சி மருந்து எல்லாம் என் பொறுப்பு. ஒன்றிலும் குறை வைப்பதில்லை. குறை வைத்து அது செத்தால் பழி என் மேல் வரும்.

எத்தனை வருடம் இருக்கும் என்று பாயிடம் கேட்டேன். "நல்லாப் பாத்துக்கிட்டா பத்து வருசம்கூடக் கெடக்கும்" என்றார். இரண்டு போய்விட்டது. மிச்சம் எட்டு. அப்போது எனக்கு அறுபத்தொன்று. போன மாதம் இதய டாக்டர் என்னைப் பரிசோதித்துவிட்டு, தினமும் நடக்கிறீர்களா, நல்ல மாற்றம் தெரிகிறதே என்று கேட்டார். நடக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். எதனோடு என்று சொல்லவில்லை. மாத்திரைகளை ஒரு வேளைகூடத் தவறவிடுவதில்லை. எண்ணெயும் உப்பும் குறைத்துவிட்டேன். அது விழுகிற நாளில் நான் அதற்குப் பக்கத்தில் என் காலில் நிற்க வேண்டும்.